கிளிநொச்சி வாசலில் இருந்து ரொறன்ரோ வாசல் வரை: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்குப் போடுவது எப்படி

ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளையிடம் போக விசா வந்துவிட்டது என்றால், வீட்டில் எழும்பும் முதல் கேள்வி எத்தனை மணித்தியாலம் போக வேணும் என்பதுதான். ஒருவர் 18 என்பார், இன்னொருவர் 22 என்பார், போய்வந்த மாமி ஒன்றரை நாள் என்பார். மூன்று பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். முதலாமவர் வானத்தில் பறக்கும் நேரத்தைச் சொல்கிறார், இரண்டாமவர் கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கிளம்பி ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கும் வரைக்கும் சொல்கிறார், மாமி வாசலில் இருந்து வாசல். வன்னியில் இருந்து வெளிக்கிடும் ஆளுக்கு மாமியின் கணக்குத்தான் வேண்டும், ஆனால் அதைப் போட மற்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு போனும் ஒரு துண்டுக் கடதாசியும் போதும்.

முதலில் தூரம்

கொழும்பு - ரொறன்ரோ தூரம் என்று தேடினால் ஒரு இடத்தில் 14,000 என்றிருக்கும், இன்னொரு இடத்தில் 8,700, வேறொன்றில் 7,560. எல்லாம் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீற்றர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது விமானிகளும் கப்பல்காரரும் பாவிக்கும் கடல் மைல். ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. இதில் நன்றாக ஏமாற வைக்கும் ஒரு இடம் இருக்கிறது: கொழும்பில் இருந்து லண்டன் ஹீத்ரோ கிட்டத்தட்ட 8,710 கிலோமீற்றர், ரொறன்ரோ 8,700 மைல். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தவர் லண்டனும் கனடாவும் ஒரே தூரம் என்று சத்தியம் பண்ணுவார். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் அடிமட்டம் வைத்து அளக்கக் கூடாது. பூமி உருண்டை, அதைத் தட்டையாக விரித்த படத்தில் வடக்கே போகப் போக எல்லாம் இழுபட்டுப் பெரிதாகிவிடும், அந்தப் படத்தில் நேராகத் தெரிகிற கோடு உண்மையில் சுற்றுவழி. பள்ளிக்கூடத்தில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து ஒரு நுனியை இலங்கையிலும் மறு நுனியை ரொறன்ரோவிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். அந்த நூலின் நீளத்தை, உருண்டையை நடுவால் ஒருக்கா சுற்றி வர வேண்டிய நூலின் நீளத்தால் பிரித்து 40,000 ஆல் பெருக்கினால் கிலோமீற்றர் வந்துவிடும், ஏனென்றால் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. கொஞ்சம் கூடக் குறைய வரும், ஆனால் நூல் எந்தப் பாதையில் போகிறது என்று பார்ப்பதுதான் இதில் சுவாரசியம்.

கனடா மேற்கே இருக்கிறது, ஆகவே பாதை அரபிக் கடல், ஆபிரிக்கா, அத்திலாந்திக் என்று போகும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நூல் அப்படிப் போகாது. கிட்டத்தட்ட நேர் வடக்கே ஏறும். மகாராஷ்டிரா, பாகிஸ்தான், காபூல் பக்கம், உஸ்பெக்கிஸ்தான், ரஷ்யா, அங்கிருந்து நோர்வேயின் வட முனை (எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று வேலை செய்த அதே வட நோர்வேதான்), பிறகு கிறீன்லாந்து, கியூபெக், கடைசியில் ரொறன்ரோ. காரணம் லேசானது: கட்டுநாயக்கா கிழக்கு நெட்டாங்கு 79.88 பாகையில் இருக்கிறது, ரொறன்ரோ மேற்கு நெட்டாங்கு 79.63 பாகையில். உலகத்தின் கிட்டத்தட்ட மறுபக்கம். மறுபக்கத்துக்குப் போவதென்றால் உச்சியைத் தாண்டிப் போவதுதான் கிட்ட.

நூல் வேலை பிடிக்காதவர்கள் கூகுள் மப்பில் கொழும்பை அழுத்திப் பிடித்தால் வரும் தெரிவுகளில் தூரம் அளக்கும் ஒன்று இருக்கும், அதில் மற்ற முனையைத் தெரிவு செய்தால் உருண்டை மேல் தூரத்தைத்தான் காட்டும். கிறேட் சேர்க்கிள் மப்பர் என்ற தளம் இன்னும் லேசு, அதில் விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் போட்டால் போதும்: கட்டுநாயக்கா சி.எம்.பி., ரொறன்ரோ பியர்சன் வை.வை.இசட்., ஹீத்ரோ எல்.எச்.ஆர். குறியீட்டையே போடுங்கள், நகரத்தின் பெயரைப் போடாதீர்கள். லண்டன் என்று மட்டும் போட்டால் ஹீத்ரோ, கற்விக், லூட்டன், ஸ்ரான்ஸ்ரெட் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, போதாததற்குக் கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கிறது.

உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கல்குலேற்றரைக் கையில் கொடுங்கள். இரண்டு இடத்து அகலாங்குகளின் சைன்களைப் பெருக்க வேண்டும். பிறகு இரண்டு அகலாங்குகளின் கோசைன்களையும் நெட்டாங்கு வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்கி முதல் விடையோடு கூட்ட வேண்டும். வந்த எண்ணுக்குரிய நேர்மாறு கோசைனைப் பாகையில் எடுத்து 111.2 ஆல் பெருக்கினால் கிலோமீற்றர். கட்டுநாயக்கா வடக்கு 7.18, பியர்சன் வடக்கு 43.68, நெட்டாங்கு வித்தியாசம் 159.51. விடை 14,000 கி.மீ.க்கு ஒட்டி வந்தால் பிள்ளை சோதனையில் பாஸ்.

ஆனால் கொழும்பில் இருந்து ரொறன்ரோவுக்கு நேர் விமானம் கிடையாது, எங்கேயோ மாறித்தான் போக வேண்டும். அப்போது இரண்டு துண்டாக அளந்து கூட்டுங்கள். டுபாய் வழியாக என்றால் கொழும்பு - டுபாய் சுமார் 3,290, டுபாய் - ரொறன்ரோ சுமார் 11,080, மொத்தம் 14,370. லண்டன் வழியாக என்றால் 8,710 உம் 5,710 உம், மொத்தம் 14,420. வித்தியாசம் வெறும் 50 கி.மீ., கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் போகிற தூரம் கூட இல்லை. எந்த வழி சுற்று, எந்த வழி கிட்ட என்று சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். காசு, காத்திருக்கும் நேரம், இடையில் மாறுவதற்கு விசா வேண்டுமா வேண்டாமா, இவற்றைப் பார்த்து முடிவெடுங்கள்.

தூரத்தில் இருந்து பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானங்கள் மேலே ஏறிய பிறகு மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் போகும். ஆனால் தூரத்தை 900 ஆல் பிரித்தால் நேரம் குறைவாகத்தான் வரும், ஏனென்றால் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, இடம் கிடைக்காமல் மேலே வட்டமடிப்பது எல்லாம் இருக்கிறது. நான் பாவிக்கும் கணக்கு: தூரத்தை 850 ஆல் பிரித்து அரை மணித்தியாலம் கூட்டுவது. லண்டனுக்கு 8,710 ஐ 850 ஆல் பிரித்தால் பத்தே கால், அரையைக் கூட்டினால் பதினொன்றுக்குக் கிட்ட. கொழும்பில் இருந்து ஹீத்ரோவுக்கு நேராகப் போகும் விமானத்தின் நேர அட்டவணையும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. டுபாய்க்கு நாலரை. டுபாயில் இருந்து ரொறன்ரோவுக்குக் கணக்கில் பதின்மூன்றரை வரும், அட்டவணையில் 14 மணித்தியாலம் போடுவார்கள்.

அந்த மிச்ச அரை மணித்தியாலம் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே ஒரு பலமான காற்றோட்டம் இருக்கிறது, மாரிகாலத்தில் இன்னும் கடுமையாக அடிக்கும். பரந்தன் - முல்லைத்தீவு ரோட்டில் சோளகக் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதே காற்று முதுகில். அதனால் நீண்ட பயணங்களில் திரும்பி வருவது ஒரு மணித்தியாலம் வரை குறையலாம். ரிக்கற்றில் போக ஒரு நேரமும் வர வேறொரு நேரமும் இருப்பதைப் பார்த்துப் பிழை என்று நினைத்து ஏஜன்சிக்குப் போன் எடுக்க வேண்டாம்.

இந்த 850 கணக்கு பெரிய ஜெட்டுக்கு மட்டும்தான். யாழ்ப்பாணத்துப் பலாலியில் இருந்து சென்னைக்குப் போகும் விமானம் விசிறி வைத்த சின்ன விமானம், அது அவ்வளவு வேகமாகப் போகாது, 450 ஆல் பிரித்து அதே அரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். தூரம் 355 கி.மீ. அளவு, ஆகவே ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் சென்னை.

வான்வெளி மூடினால் எல்லாக் கணக்கும் கொஞ்சம் கவிழும். 2022 இல் இருந்து ரஷ்யாவின் வான்வெளி ஐரோப்பிய, கனடிய விமான நிறுவனங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. 2025 ஜூன் 23 அன்று கட்டார் தன்னுடைய வான்வெளியைச் சில மணித்தியாலங்கள் மூடியது, டோஹாவில் மாற இருந்தவர்கள் எங்கெங்கோ இறங்க வேண்டி வந்தது. அதனால் போகும் வாரத்தில் ஃபிளைட்ராடார்24 தளத்தில் உங்கள் விமானத்தின் இலக்கத்தைப் போட்டு, கடந்த சில நாட்கள் அது எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். என் கணக்கை விட, நிறுவனத்தின் அட்டவணையை விட, அதுதான் நம்பத்தக்கது.

மணிக்கூட்டுக் கணக்கு

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ரிக்கற்றில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். கிளம்பும் நேரம் இலங்கை நேரம், இறங்கும் நேரம் கனடா நேரம். இரண்டையும் அப்படியே கழித்தால் வருவது பயண நேரம் இல்லை.

வன்னியில் கொஞ்சம் வயது போன ஆட்களுக்கு இது புதுசு இல்லை. 1996 இல் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு வவுனியாவில் காலை 8 மணிக்கு ஏறி, சோதனை எல்லாம் முடிந்து 10 மணிக்குக் கிளிநொச்சியில் இறங்கியவர் உண்மையில் இரண்டரை மணித்தியாலம் பயணம் செய்திருக்கிறார், ஏனென்றால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்த ஓமந்தை தாண்டியவுடன் மணிக்கூடு அரை மணித்தியாலம் பின்னுக்குப் போய்விடும். திரும்பி வருபவர் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்குத் திருப்ப வேண்டும். 2006 ஏப்ரலில் அரசாங்கமும் பழைய நேரத்துக்குத் திரும்பியதோடு அந்த வித்தியாசம் இல்லாமல் போனது. கனடாக் கணக்கும் அதே கணக்குத்தான், அரை மணித்தியாலத்துக்குப் பதிலாக ஒன்பதரை.

ஒன்பதரை என்பது கோடைக்கு. ரொறன்ரோவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு மணிக்கூட்டை முன்னுக்கு வைத்து நவம்பர் முதல் ஞாயிறு பின்னுக்கு வைப்பார்கள், ஆகவே குளிர்காலத்தில் வித்தியாசம் பத்தரை. லண்டனுக்குக் கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை, அங்கே மாறுவது மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும். டுபாய் எப்போதும் ஒன்றரை, கட்டார் எப்போதும் இரண்டரை. இலங்கையில் இந்த விளையாட்டு இல்லை.

மேற்கே போகும்போது: இறங்கும் நேரத்தில் இருந்து கிளம்பும் நேரத்தைக் கழியுங்கள், வித்தியாசத்தைக் கூட்டுங்கள். திரும்பும்போது வித்தியாசத்தைக் கழியுங்கள். அவ்வளவுதான். ரிக்கற்றில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருந்தால் அடுத்த நாள் என்று அர்த்தம், 24 ஐக் கூட்டிவிட்டுக் கழியுங்கள்.

சரி, ஒன்றை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். நேரங்களை உதாரணத்துக்கு வைத்திருக்கிறேன், நீங்கள் உங்கள் ரிக்கற்றில் உள்ளதைப் போடுங்கள். ஜூலை மாதம், கொழும்பில் இரவு 8.30 க்குக் கிளம்பி டுபாயில் அங்கத்தைய நேரம் இரவு 11.30 க்கு இறக்கம். மணிக்கூடு மூன்று காட்டுகிறது, ஒன்றரையைக் கூட்டினால் நாலரை மணித்தியாலம். அங்கே நாலு மணித்தியாலம் காத்திருந்து அதிகாலை 3.30 க்கு அடுத்த விமானம், ரொறன்ரோவில் காலை 9.30 க்கு இறக்கம். மணிக்கூட்டில் ஆறு மணித்தியாலம், டுபாய்க்கும் ரொறன்ரோவுக்கும் கோடையில் எட்டு மணித்தியால வித்தியாசம், ஆகவே 14. நாலரை, நாலு, பதினாலு, மொத்தம் 22½. சரி பார்க்க: இரவு 8.30 இல் இருந்து அடுத்த நாள் காலை 9.30 வரை 13, அதோடு ஒன்பதரை, அதே 22½. இரண்டு வழியாலும் ஒரே விடை வராவிட்டால் எங்கோ நேர வித்தியாசத்தைப் பிழையாகப் போட்டிருக்கிறீர்கள்.

வாசல் கணக்கு

இணையத்தில் எந்தக் கருவியும் இதைச் சொல்லாது, அதற்குக் கிளிநொச்சி எங்கே என்று தெரியாது. கிளிநொச்சியில் இருந்து வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் வழியாகக் கட்டுநாயக்கா 300 கி.மீ. சொச்சம். விமானத்துக்கு அது இருபது நிமிடத் தூரம், வாடகை வானுக்கு ஆறு ஏழு மணித்தியாலம். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த வானும் போவதில்லை, சாப்பாட்டுக்கு ஒரு இடம், வழியனுப்ப ஏறிய பத்துப் பேரில் ஒருவருக்கு எப்படியும் தலைசுற்றும். எட்டு என்று வையுங்கள். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்கம் என்றால் மாங்குளத்துக்கோ பரந்தனுக்கோ வந்து ஏ9 ஏற இன்னொரு மணித்தியாலம். மன்னார்க்காரர் மதவாச்சிக்கு நேரே போய்விடலாம். ரயில் வசதிதான், ஆனால் கொழும்புக் கோட்டைக்குப் போய் அங்கிருந்து பெட்டிகளோடு திரும்பி வர வேண்டும், வயது போனவர்களோடு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும். இரவு 8.30 விமானத்துக்கு மாலை 5.30, அதிலிருந்து எட்டைக் கழித்தால் காலை 9.30. நான் என்றால் 9 மணிக்கு வெளிக்கிடச் சொல்வேன். ரொறன்ரோவில் 9.30 க்கு இறங்கி, குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது எல்லாம் முடிய இரண்டு மணித்தியாலம், ஸ்காபரோ வீட்டுக்கு இன்னொன்று. பகல் 12.30. காலை 9 இல் இருந்து அடுத்த நாள் 12.30 வரை 27½, அதோடு ஒன்பதரை: 37 மணித்தியாலம். அதில் வானத்தில் இருந்தது பதினெட்டரை, சரி பாதி. மற்றப் பாதி ரோட்டிலும் வரிசையிலும் கதிரையிலும் போகிறது. மருந்து எடுப்பவர்கள் இந்த 37 ஐ வைத்துத்தான் கைப்பைக்குள் மருந்தை அளந்து வைக்க வேண்டும், பதினெட்டரையை வைத்து இல்லை.

காத்திருக்கும் நேரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று சிலர் பார்ப்பார்கள். ஒரே ரிக்கற்றில் இரண்டு விமானமும் இருந்தால், முதலாவது தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. அப்போதும் ஒரு மணித்தியால மாற்றத்தை அம்மம்மாவுக்கு எடுக்காதீர்கள், டுபாயில் வாசலுக்கு வாசல் நடையே நீளம். இரண்டரையில் இருந்து நாலு வரை நிம்மதி. தனித்தனி ரிக்கற் என்றால் கதை வேறு. பலாலியில் இருந்து சென்னைக்கு ஒன்று, சென்னையில் இருந்து அப்பால் வேறொன்று என்று மலிவுக்குச் சேர்த்து எடுத்தால், சென்னையில் பெட்டியை வெளியே எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டி வரும், அதற்கு இந்திய விசா வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது ரிக்கற் போனதுதான். கிளிநொச்சியில் இருந்து பலாலி இரண்டு மணித்தியாலம் என்பது ஆசை காட்டும், எனக்கும் அந்த ஆசை உண்டு. இந்திய விசா கையில் இருந்து, சென்னையில் ஒரு இரவு தங்க இடமும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

நள்ளிரவு விமானத்தில் திகதியை மூன்று தரம் பாருங்கள். 15 ஆம் திகதி 00.40 என்று இருந்தால் அது 14 ஆம் திகதி இரவு கழிந்து வருவது. 14 ஆம் திகதி இரவு 9.30 அளவில் கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும், அதாவது 14 ஆம் திகதி பகல் 1 மணிக்கே கிளிநொச்சியில் வான் கிளம்ப வேண்டும். வான்காரரிடம் "15 ஆம் திகதி பிளேன்" என்று மட்டும் சொல்லி வைத்தால் அவர் 15 ஆம் திகதி விடியத்தான் வந்து ஹோன் அடிப்பார். அவருக்கு விமானத்தின் திகதியைச் சொல்லவே வேண்டாம், வீட்டு வாசலுக்கு வர வேண்டிய திகதியையும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள்.

அங்கே கூட்டிப் போக வருபவர்களுக்கு இதற்கு மறுபக்கமாகச் செய்யுங்கள். "நாளைக்குக் காலமை வந்திடுவன்" என்று சொன்னால் எந்த நாட்டுக் காலை, எந்த நாளின் நாளை என்று அவர்களுக்குக் குழப்பம். இரண்டாவது விமானத்தின் இலக்கத்தையும் அது இறங்கும் திகதியையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், முதல் விமானத்தின் இலக்கத்தை அனுப்பினால் அவர்கள் டுபாயில் இறங்கியதைப் பார்த்துவிட்டு பியர்சனுக்கு ஓடி வந்து நிற்பார்கள். இறங்கிவிட்டது என்று போன் காட்டிய பிறகு ஒன்றேகால் மணித்தியாலம் கழித்து வாசலுக்கு வந்தால் காணும், தரிப்பிடக் காசும் மிச்சம்.